தோள் உயரம்

வரிகியா சைப்ரஸ் மரத்தைத் திட்டிய அளவுக்கு யானையைக்கூடத் திட்டியதில்லை. யானை வந்தால் உருளைக்கிழங்கைத் தோண்டித் தின்றுவிட்டுப் போகும், அடுத்த மழைக்கு மறுபடி நட்டுக்கொள்ளலாம். சைப்ரஸ் அப்படியா? வந்து உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். "நாசமாப் போற மரம், நெட்டையா வளந்து என் வயித்துல அடிக்குது" என்று களை எடுத்துக்கொண்டே அவள் திட்டுவதைக் கேட்டு, பக்கத்துத் தோட்டத்தில் நான் சிரித்துக்கொண்டிருப்பேன். சிரிப்பு வந்ததே தவிர, எனக்கும் அதே வயிறு, அதே மரம்தான்.

கிதுருரு வனச்சாவடியின் லைன் வீடுகளில் பிறந்தவர்களின் பிழைப்பே அப்படி. வனத்துறை ஒரு பக்கம் முற்றிய மரங்களை வெட்டி விற்கும். வெட்டிய இடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து எங்களிடம் கொடுக்கும். அடிக்கட்டையைப் பறித்து, மண்ணைக் கொத்தி, உருளையும் பட்டாணியும் முட்டைக்கோசும் போட்டுக்கொள்ளலாம். அதற்குப் பதிலாக, பயிருக்கு நடுவே அவர்கள் கொடுக்கும் மரக்கன்றை நட்டு வளர்த்துக் கொடுக்க வேண்டும். கன்று ஆளின் தோள் உயரத்தைத் தொட்டதும் நிழல் கட்டிவிடும், மண்ணுக்குள் கிழங்கு பிடிக்காது, தோட்டம் முடிந்தது என்று சொல்லிவிடுவார்கள். பிறகு வேறு எங்கே வெட்டுகிறார்களோ அங்கே போய் நிற்க வேண்டும். பராமரிப்பில் கன்று செத்துப்போனால் அதுவும் கிடையாது. தோட்டம் இல்லாதவருக்கு லைனில் வீடும் கிடையாது.

ஆக, கன்று சாகவும் கூடாது, வளரவும் கூடாது. இந்த வித்தையை எங்களுக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. களை எடுக்கும் சாக்கில் பங்கா கத்தியைக் கன்றுக்குப் பக்கத்தில் சாய்வாக மண்ணுக்குள் இறக்கி ஒரு அழுத்து அழுத்தினால், கீழே வேர் அறுந்துவிடும். கன்று இரண்டொரு நாள் முகம் வாடி நிற்கும், பிறகு தேறிக்கொள்ளும். ஆனால் தலை நிமிராது. இப்படியே ஒரு தோட்டத்தை இன்னும் சில மழைக்காலம் இழுத்துக்கொண்டு போகலாம். லைனில் எல்லாரும் செய்தோம். வரிகியாவின் கைப்பக்குவம் மட்டும் தனி. அவள் அறுத்த கன்றைக் கடவுளே நேரில் வந்து பார்த்தாலும், மண் சரியில்லை என்றுதான் சொல்லிவிட்டுப் போவார்.

அவளுடைய அப்பா கதோகோ, இந்த மலையின் கீழ்ச்சரிவில் பாதி மரங்களை நட்ட மனுஷர். காட்டுக்கு வெளியே சின்னதாக ஒரு நிலம் வாங்கிப் போடலாம் என்று அவருக்குக் கடைசிவரை தோன்றவில்லை. ஏன் தோன்றும்? அடுத்த தோட்டம் எப்போதும் காட்டுக்குள்ளேயே காத்துக்கொண்டிருந்தது. வரிகியா லைனில் மூன்றாவது வீட்டில் பிறந்தாள், ஐந்தாவது வீட்டுக்கு மருமகளாகப் போனாள். கல்யாணப் பாட்டை ஆரம்பிப்பதற்குள் மாப்பிள்ளை வீடு வந்துவிட்டது என்று அவளை நாங்கள் கேலி செய்வோம். பாடிய பாட்டை முடிப்பதற்காக அந்தக் கூட்டம் லைனை இன்னொரு சுற்று சுற்றியது உண்மைதான்.

அவளுக்கு மகள் பிறந்த பிறகு வேலி வந்தது. மலையைச் சுற்றி மின்சார வேலி. வெளியே இருந்த விவசாயிகள் ஆடு அறுத்து விருந்து வைத்தார்கள், இனி யானை அவர்கள் சோளத்தைத் தொடாது. வேலி போட்டவர்கள் எங்கள் லைனையும் காட்டோடு உள்ளே சேர்த்துக் கம்பியை இழுத்துவிட்டார்கள். யானையும் நாங்களும் ஒரே பக்கம். காலை ஆறு மணிக்கு கேட் திறக்கும், மாலை ஆறு மணிக்குச் சாத்திவிடுவார்கள். சந்தைக்குப் போனாலும் சாவுக்குப் போனாலும் அதற்குள் திரும்பிவிட வேண்டும். வரிகியா தன் சித்தியை அடக்கம் செய்யும்போது, குழியில் மண் தள்ளிக்கொண்டிருக்கையில் பாதியில் எழுந்து ஓடி வந்தவள். எங்கே இருந்தாலும் சரி, ஐந்தரை ஆனால் போதும், கியோண்டோக் கூடையின் வாரை நெற்றியில் மாட்டிக்கொண்டு எழுந்துவிடுவாள்.

அவள் புருஷன் மத்தெங்கே மரம் அறுக்கும் ஆலையில் வேலை செய்தான். ஒரு சமயம் மரம் வெட்டுவதைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தார்கள், ஆலை மூடிவிட்டது. வேலை தேடிக் கீழ்நாட்டுக்குப் போனவன் திரும்பவில்லை. அங்கே வேறு ஒருத்தி அடுப்பில் அவனுக்குச் சோறு வேகிறது என்று லாரிக்காரர்கள் சொன்னார்கள். வரிகியா அழவில்லை. அவன் ஆணியில் மாட்டிவிட்டுப் போன பச்சை மழைக்கோட்டை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. மகள் வங்கேச்சி தூரத்தில், நகுரு டவுனையும் தாண்டிக் கட்டிக்கொடுக்கப்பட்டாள். மகள் வீட்டோடு போய் இருந்துவிடலாமே என்று வெளியாட்கள் கேட்பார்கள். மருமகன் கூரையின் கீழ் மாமியார் படுத்துத் தூங்குவது எங்களில் வழக்கம் இல்லை. அவன் எதிரே வந்தாலே ஒதுங்கிப் போகிறவர்கள் நாங்கள். அப்படியாக அவளுக்கு மிஞ்சியது தோட்டம் ஒன்றுதான், தோட்டம் இருக்கும்வரை வீடு.

இப்படி இருக்கும்போதுதான் புது அதிகாரி தெவுரி எங்களை எல்லாம் ஆபீஸ் முற்றத்துக்குக் கூப்பிட்டார். இளவயது, நல்ல மனுஷர், யாரையும் அதட்ட மாட்டார். அப்போதுதான் வெட்டி முடித்திருந்த பெரிய பிளாக்கில் இந்த முறை சைப்ரஸ் வேண்டாம், முத்தாரக்வா நடப்போகிறோம் என்றார். வேலிக் கம்பத்துக்கும் வீட்டுத் தூணுக்கும் ஆகிற, கறையான் தொடாத எங்கள் நாட்டு மரம். மேலே அருவி வரைக்கும் பழைய காடு இருக்கிறது. கீழே இந்தப் புதுக் காடு வந்தால் இரண்டையும் சேர்த்து நடைபாதை போடுவார்களாம். சுற்றுலாக்காரர்கள் வந்து நடந்து, குரங்கு பார்த்து, ஆளுக்கு ஒரு கன்று நட்டுவிட்டுப் போவார்களாம்.

எங்களுக்கு அவர் சொன்னதில் ஒரே ஒரு விஷயம்தான் காதில் விழுந்தது. முத்தாரக்வா சோம்பேறி மரம். சைப்ரஸ் ஓடினால் அது தவழும். எங்கள் லைன் முழுக்க எழுந்து நின்று கை தட்டியது. நானும் தட்டினேன். உள்ளங்கை சிவக்கத் தட்டினேன் என்று சொல்லலாம். வரிகியா மட்டும் தட்டவில்லை.

"சார், இத எப்ப வெட்டுவீங்க?" என்று கேட்டாள்.

"வெட்டவே மாட்டோம்மா. இது வெட்டுறதுக்கு இல்ல. இனிமே இந்தச் சாவடியில எதையுமே வெட்டப் போறதில்ல. காடாவே இருக்கும், உங்க பேரப்பிள்ளைங்க காலத்துக்கும் இருக்கும்" என்றார் தெவுரி சந்தோஷமாக.

அதற்கும் கை தட்டினோம். உலகத்திலேயே தன் சோற்றுக்கு மூடி போட்டதற்குக் கை தட்டிய கூட்டம் நாங்களாகத்தான் இருப்போம். திரும்பி வரும்போது வரிகியா என்னை விட்டுவிட்டு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"எல்லாரும் சிரிக்கிறப்போ நீ மட்டும் ஏன்டி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? மெதுவா வளர்ற மரம், கத்தியே வேண்டாம். வருஷக்கணக்கா கிழங்கு போடலாம்."

"போடலாம் முரீத்தி அம்மா. அப்புறம்?"

"அப்புறம் அடுத்த பிளாக்."

"வெட்டாத காட்டுல அடுத்த பிளாக் எங்க இருந்து வரும்?"

நான் வழியிலேயே நின்றுவிட்டேன். என் மகன் முரீத்தியைப் பெற்றதிலிருந்து, இல்லை, நான் பிறந்ததிலிருந்து, மரம் வளர்வதைத்தான் எமன் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். மரத்தை வெட்டுவதில்தான் எங்கள் உயிர் இருந்தது என்பது யாருக்கும் உறைக்கவில்லை. ஆனாலும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இந்த மரம் தோள் உயரம் வருவதற்குள் நாம் செத்தே போயிருப்போம், பார்த்துக்கொள்ளலாம் என்றுதான்.

அந்த மழையில் நட்டோம். தெவுரி சொன்ன மாதிரியே ஆட்களும் வந்தார்கள். வெள்ளைக்காரர்களைவிட நம் ஊர்க்காரர்கள்தான் நிறைய, நைரோபியிலிருந்து, நகுருவிலிருந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள், சர்ச் கூட்டங்கள். எங்கள் உருளைப் பாத்திகளுக்கு நடுவே ஜாக்கிரதையாகக் கால் வைத்து வந்து ஆளுக்கு ஒரு கன்று நட்டு, பெயர் எழுதிய மரச்சில்லைப் பக்கத்தில் குத்திவிட்டுப் போவார்கள். அதைக் காப்பாற்றுவது அந்தத் தோட்டக்காரியின் பொறுப்பு. பொய் சொல்லக் கூடாது, காடு அழகாகத்தான் ஆனது. வற்றிக் கிடந்த ஓடையில் தண்ணீர் நின்றது. கறுப்பு வெள்ளைக் குரங்குகள் லைன் கூரை வரை வந்து எங்களை ஏற இறங்கப் பார்த்தன. லைன் பையன்கள் இரண்டு பேருக்கு வழிகாட்டி வேலையும் சட்டையும் கிடைத்தது.

நெகேசா டீச்சர் வந்தது அந்த முதல் மழையில்தான். நகுருவில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். கூட்டத்தோடு வரவில்லை, தனியாக பஸ் ஏறி வந்திருந்தார். இறந்துபோன மகள் பெயரில் ஒரு கன்று நட வேண்டும் என்று கேட்டு வரிகியாவின் தோட்டத்துக்கு அனுப்பி வைத்தார்கள். பாத்தியின் கடைசியில், வரிகியா மதியம் உட்கார்ந்து, சோளமும் பீன்ஸும் சேர்த்து வேகவைத்த கித்தேரி தின்கிற கல்லுக்குப் பக்கத்தில் நட்டார். சில்லில் நஃபுலா என்று எழுதியிருந்தது. மண்ணைத் தட்டி முடித்த பிறகும் கையை எடுக்காமல் ரொம்ப நேரம் குந்திக்கொண்டே இருந்தார். வரிகியா அவருக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்றினாள், ஒரு பை உருளைக்கிழங்கும் கொடுத்து அனுப்பினாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு பெருமழை முடிந்ததும் டீச்சர் வந்துவிடுவார்.

சோம்பேறி மரம் என்று நாங்கள் கத்தியை உள்ளே வைத்துவிட்டோம். வரிகியா வைக்கவில்லை. முதல் களையிலிருந்தே வேரை அறுத்துக்கொண்டு வந்தாள். ஒரு நாள் அந்த நஃபுலா கன்றுக்குப் பக்கத்திலும் அவள் கத்தியை இறக்குவதைப் பார்த்தேன்.

"அடியே, அதையுமா? செத்த புள்ள பேருல வச்சது."

"எல்லாம் ஒரே நாள் நட்டது, ஒரே மண்ணு. இது ஒண்ணு வளந்துச்சுன்னா மத்தது ஏன் வளரலன்னு கேப்பாங்கல்ல? இந்த ஒண்ணே என்னைக் காட்டிக் குடுத்துடும்."

அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. எனக்குத்தான் அன்றைக்குக் கித்தேரி இறங்கவில்லை.

எங்கள் கணக்கு தப்பிப்போனது. பாறையிடுக்கில் முளைக்கிறபோதுதான் முத்தாரக்வா சோம்பேறி. நாங்கள் உருளைக்காகக் கொத்திக் கொத்திப் பஞ்சாக்கிய மண்ணில், எங்கள் ஆட்டெருவைத் தின்றுவிட்டு, அது யாரும் எதிர்பாராத வேகத்தில் கிளம்பியது. பார்த்துச் சுதாரித்துக் கத்தியை எடுப்பதற்குள் வேர் கைக்கு அகப்படாத ஆழத்துக்குப் போய்விட்டது. மூன்றாவது வருஷம் என் தோட்டத்து மரங்கள் என் தோளில் உரசின. லைன் முழுக்க அதே கதை. தெவுரி முகம் வாடிப்போய்த்தான் சொன்னார், ஆனால் சொன்னார். தோட்டங்கள் முடிந்தன. வீடுகளைக் காலி செய்ய வேண்டும். பாதி வீடுகளைப் பிரித்துவிட்டு, மீதியைச் சுற்றுலாக்காரர்கள் தங்குவதற்குப் பெயின்ட் அடிக்கப் போகிறார்களாம்.

நான் என் பாத்திரங்களைக் கூடையில் போட்டுக்கொண்டு கேட்டைத் தாண்டி, கதரகா சந்தைக்குப் பின்னால் ஒரு தகர அறைக்கு வாடகைக்கு வந்தேன். நாற்பது வீடு இருந்த லைனில் வரிகியா ஒருத்திதான் மிச்சம். அவள் மரங்கள் முழங்கால் உயரம்கூட நிறையவில்லை. விதியில் தோள் உயரம் என்றுதான் இருந்தது, அதனால் அவளை யாரும் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

அவள் ஜெயித்துவிட்டாள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சந்தையில் விற்பதற்காக அவளிடம் கிழங்கு வாங்க நான் வாரம் ஒருமுறை உள்ளே போவேன். போகும்போதெல்லாம் அவள் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள், ஒரு வாரத்துப் பேச்சு. இருட்டியதும் யானை வந்து வீட்டுப் பலகையில் முதுகைத் தேய்க்குமாம், சுவர் முழுக்க ஆடுமாம். முன்பானால் நாற்பது வீட்டிலும் தகரம் தட்டுவோம். இப்போது அவள் ஒருத்தி ஒரு சட்டியைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "அதுக்கும் போரடிச்சுப் போச்சு, நான் தட்டுறத நின்னு கேக்குது" என்று சிரித்தாள். ஆறு மணிக்குக் கேட் சாத்திய பிறகு வேலிக்குள்ளே மனுஷக் குரல் என்பது அவள் குரல் மட்டும்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்கு அழுகையாக வரும்.

வழிகாட்டிப் பையன்கள் வேறு அவளை விட்டுவைக்கவில்லை. குரங்கு, அருவி, அதற்கப்புறம் அவள். "இவங்கதான் லைன்ல இருக்கிற கடைசி அம்மா" என்று நடைபாதையில் நின்று காட்டுவார்கள். ஜனங்கள் போட்டோ எடுப்பார்கள்.

"குரங்குக்காவது வாழைப்பழம் குடுக்குறாங்க. எனக்கு என்னடா குடுப்பீங்க?" என்று அவள் ஒருநாள் கத்தினாள். அதையும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

"வெளிய வந்துடுடி. என் ரூம்ல ரெண்டு பேர் படுக்கலாம்" என்று நான் கேட்காத வாரம் இல்லை.

"வந்து? உன் அடுப்புல உக்காந்து உன் கிழங்கத் திங்கவா? தோட்டம் இருக்கிற வரைக்கும் என் அடுப்பு என்னுது."

அந்த வருஷம் பெருமழை முடிந்து நெகேசா டீச்சர் வந்தபோது நானும் அங்கே மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். நகுருவிலிருந்து பஸ்ஸில், மடியில் வைத்து, ஒரு சின்னச் சாக்கில் ஆட்டுப்புழுக்கை கொண்டு வந்திருந்தார். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டார்களாம். சொல்லிச் சிரித்தார். அப்புறம் என் பழைய தோட்டத்தில் நிமிர்ந்து நின்ற மரங்களைப் பார்த்தார், திரும்பி மகள் பெயர் போட்ட கன்றைப் பார்த்தார்.

"மண்ணுல ஏதாவது குறையாம்மா?" என்று கேட்டார். குற்றம் சொல்லும் குரலே இல்லை.

"இந்த ஜாதி மெதுவாத்தான் வரும் டீச்சர்" என்றாள் வரிகியா, அவர் முகத்தைப் பார்க்காமல்.

டீச்சர் கல்லின்மேல் உட்கார்ந்து புழுக்கையைக் கையால் பொடித்துக் கன்றைச் சுற்றிப் போட ஆரம்பித்தார். "அவளும் இப்படித்தான். ரத்தத்துல வியாதி. வயசு ஏறும், ஆள் ஏற மாட்டா. சமையக்கட்டு சுவத்துல முதுகை ஒட்டி நின்னு, அம்மா கோடு போடு, கோடு போடுன்னு கேப்பா. போன மாசம் போட்ட கோட்டு மேலயே திரும்பப் போடுவேன். ஒருநாள், அம்மா நீ பென்சிலக் கொஞ்சம் தூக்கிப் பிடியேன்னா. நான் பிடிக்கல. பொய் சொல்லக் கூடாதுன்னு பிடிக்கல." இன்னொரு பிடி புழுக்கையை எடுத்துப் பொடித்தார். "அவ பேருல இதாவது ஏறட்டும்னுதான் நட்டேன். பரவாயில்லம்மா. உசிரோட இருக்கே, நீங்கதானே காப்பாத்துறீங்க. உங்க கையிலதான் இருக்கு."

வரிகியா சட்டென்று எழுந்து, வேலை இருப்பதுபோல வீட்டுக்குள் போய்விட்டாள். டீச்சர் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. நான்தான் அவரை வழியனுப்பி வைத்தேன்.

அதற்கடுத்த களையில் நஃபுலா மரத்தின் பக்கம் கத்தி போகவில்லை. நான் பார்த்துவிட்டேன்.

"உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா? நீதானே சொன்ன, ஒண்ணு வளந்தா காட்டிக் குடுத்துடும்னு."

"தெரியும்."

"அப்புறம்?"

"கத்திய இறக்கப் போறேன், கை இறங்க மாட்டேங்குது முரீத்தி அம்மா. நான் என்ன பண்ணட்டும்?"

இத்தனை வருஷம் அடக்கி வைத்த வேர், விட்டதும் என்ன வேகம் பிடித்தது! ஒரு மழையில் இடுப்புக்கு வந்தது. அவள் என்ன செய்தாள் தெரியுமா? மத்தெங்கேயின் பச்சை மழைக்கோட்டை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து அந்த மரத்துக்கு மாட்டிவிட்டாள். மேலே ஒரு ஓட்டைச் சட்டியைக் கவிழ்த்தாள். தூரத்திலிருந்து பார்த்தால் மான் வராமல் இருக்க வைத்த பொம்மை. பொத்தானைக்கூடப் போட்டுவிட்டிருந்தாள்.

"இத்தனை வருஷம் கழிச்சுத் தோட்டத்துக்குக் காவல் நிக்க வந்திருக்காரு என் புருஷன்" என்றாள். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். ரொம்ப நாளைக்கப்புறம் அவள் அப்படிச் சிரித்தாள்.

ஆனால் பொம்மை வளருமா? மத்தெங்கே வளர்ந்தான். அடுத்த மழைக்குள் கோட்டின் கழுத்து வழியாகப் பச்சை நுனி எட்டிப் பார்த்தது, சட்டி சாய்ந்து விழுந்தது, கோட்டின் தோள் வரிகியாவின் தோளுக்குச் சமமாக வந்து நின்றது. சட்டியை எடுத்து எடுத்து வைத்தாள். அது விழுந்துகொண்டே இருந்தது.

தெவுரி வந்த அன்று நானும் இருந்தேன். பாத்திகளுக்கு நடுவே நேராக அந்தக் கோட்டுக்குப் போனார். ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றினார். உள்ளே மரம், நல்ல நெடுநெடுவென்று. சுற்றிலும் முழங்காலுக்குக் கீழே மற்றதெல்லாம். பார்த்துக்கொண்டே நின்றார். பொத்தானைத் திரும்பப் போட்டார்.

"அம்மா, நான் இன்னைக்கு இந்தப் பக்கம் வரல. நாளைக்குத்தான் பெரிய அதிகாரியோட வர்றேன். நாளைக்கு இங்க எல்லாம் ஒரே உயரமா இருந்துச்சுன்னா, மண்ணு சரியில்லன்னு சொல்லிட்டுப் போயிடுவேன். நீங்க இன்னும் எத்தனை வருஷம் வேணும்னாலும் இருக்கலாம். நான் சொல்றது புரியுதில்ல?"

"புரியுது தம்பி" என்றாள் வரிகியா.

அவர் தலை மறைந்ததும் நான் பங்காவை எடுத்து அவள் கையில் திணித்தேன். "ஒரே வெட்டு. யானை முறிச்சுடுச்சுன்னு டீச்சர்கிட்ட நான் சொல்லிக்கிறேன். அந்தப் புள்ள செத்துப்போச்சுடி, நீ உசிரோட இருக்க. உனக்கு வேற எங்க போக்கிடம் இருக்கு?"

கத்தியை வாங்கிக்கொண்டாள். கல்லின்மேல் உட்கார்ந்தாள். மரத்தைப் பார்க்கவில்லை, மற்றக் கன்றுகளைத்தான் வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு நேரமாகிவிட்டது. கேட் சாத்துவதற்குள் நான் ஓட வேண்டியிருந்தது.

மறுநாள் கேட் திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போனேன். மரம் நின்றுகொண்டிருந்தது. கோட்டைக் கழற்றித் தன் மேலேயே போட்டுக்கொண்டு, அதன் பக்கத்தில் அவளும் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு தோளும் ஒரே மட்டம். பெரிய அதிகாரி வந்தார், தெவுரி பின்னால் தலையைக் குனிந்துகொண்டு வந்தார்.

"எல்லாம் ஒண்ணா நட்டதுதானே? இது மட்டும் எப்படிம்மா இவ்வளவு உயரம்?" என்று பெரியவர் கேட்டார்.

"இது ஒண்ணுதான் சார் மரம். மத்ததெல்லாம் நான்."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கிழவிக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பார், தெவுரியைத் திரும்பிப் பார்த்தார். தெவுரி ஒரு கன்றுக்குப் பக்கத்தில் மண்ணைக் கிளறி, அறுந்த வேரை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அதற்குமேல் பேச ஒன்றும் இல்லை. இருக்கிற கிழங்கை எடுத்துக்கொள்ளும்வரை அவகாசம் கொடுத்தார்கள். அதையும் தெவுரிதான் கெஞ்சி வாங்கிக் கொடுத்தார்.

நெகேசா டீச்சர் இப்போதும் வருகிறாராம். தன் ஆட்டுப்புழுக்கையால்தான் மரம் இப்படி எழும்பியது என்று எல்லாரிடமும் சொல்கிறாராம். சொல்லட்டும், யாரும் போய்த் திருத்த வேண்டாம்.

வரிகியா என் அறைக்கு வந்து சேர்ந்த முதல் நாள், அடுப்பில் கித்தேரி வெந்துகொண்டிருந்தது. சந்தைக் கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்தேன். திடீரென்று எழுந்து கூடை வாரை நெற்றியில் மாட்டிக்கொண்டாள். வெளியே பார்த்தேன், ஐந்தரை இருக்கும்.

"எங்கடி கிளம்பிட்ட?"

"கேட் சாத்திடுவாங்க."

"உக்காருடி. இங்க கேட்டே இல்ல."

உட்கார்ந்தாள். வாரை மட்டும் நெற்றியிலிருந்து எடுக்கவில்லை. இது நடந்து இரண்டு பெருமழை ஆகிவிட்டது. இன்றும் ஐந்தரைக்கு எழுந்துவிடுகிறாள். வாசலில் நின்று சாலையையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஆறு மணி ஆனதும் உள்ளே வந்து, தானே கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிடுகிறாள்.